லண்டனில் ஒரு வெள்ளிக்கிழமை: அக்கா, தங்கை, பழைய உடுப்பு வேட்டை. எங்கே போகலாம், என்ன பார்த்து வாங்கலாம்?

#1 மாம்பழமஞ்சள்
நானும் அக்காவும் வர்ற மாசம் ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டிருக்கோம். நாள் முழுக்க பழைய உடுப்புக் கடைகள்தான் திட்டம். அவளுக்கு 1950, 60கள் காலத்துப் பருத்தி ஃப்ராக் வேணும். எனக்கு ஒரு கம்பளி கோட்டு, கிடைச்சா பழைய ஜீன்ஸ். ஆளுக்கு 80 பவுண்டு. ரெண்டு பேருக்குமே இதில் அனுபவம் இல்லை. எந்த வரிசையில் போறது, கடையில் நின்னு எதைப் பார்க்கணும், வீட்டுக்கு வந்ததும் என்ன செய்யணும்? "பிடிச்சா வாங்கு" என்பதைத் தாண்டிச் சொல்லுங்க.

#2 பிங்க்கோடு
வெள்ளிக்கிழமை என்பதே பாதி வெற்றி. மேற்கு லண்டன் போர்ட்டபெல்லோ தெருச் சந்தையில் சனிக்கிழமை வர்றது பழம்பொருள் பார்க்க வரும் சுற்றுலாக் கூட்டம். துணிக்காரங்களுக்கு வெள்ளிதான் நாள். வெஸ்ட்வே மேம்பாலத்துக்கு அடியிலும் போர்ட்டபெல்லோ கிரீன் பக்கமும் கடை போடுவாங்க. நாட்டிங் ஹில் கேட்டில் இறங்காதீங்க, அது சந்தையின் மறுமுனை, வீண் நடை. லாட்ப்ரோக் குரோவில் இறங்குங்க.

அதில் இன்னொரு லாபம்: அது ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி லைன், ரயில் வரைபடத்தில் ரோஸ் கோடு. அதே ரயிலில் ஏறினால் மாறாமல் ஆல்ட்கேட் ஈஸ்ட். அங்கிருந்து பிரிக் லேன் நடை தூரம். ஞாயிறு சந்தை இருக்காது, ஆனா பழைய உடுப்புக் கடைகள் வார நாளிலும் திறந்திருக்கும். மறுபடி அதே லைனில் கிழக்கே போனால் ஈஸ்ட் ஹாம். தோசை, காபி, தையல்காரர் எல்லாம் ஒரே தெருவில். காலை 9 மணிக்கு போர்ட்டபெல்லோ, 1 மணிக்கு பிரிக் லேனில் பேகல், மாலை ஈஸ்ட் ஹாம். ஒரே ரோஸ் கோட்டில் நாள் முடிஞ்சிடும்.

ஒரு எச்சரிக்கை: மேம்பாலத்துக்கு அடியில் வெளிச்சம் மந்தம். கருநீலமும் கறுப்பும் ஒண்ணாத் தெரியும், பழுப்புக் கறை தெரியவே தெரியாது. கடைக்காரரிடம் சொல்லிட்டு துணியை வெயிலுக்கு எடுத்து வந்து பாருங்க. யாரும் மறுக்க மாட்டாங்க.

#3 ஊசிமுனை
இடம் பிறகு. முதல் வேலை முதல் நாள் ராத்திரி வீட்டில்.

உங்களுக்குக் கச்சிதமாக இருக்கும் ஒரு ஃப்ராக்கையும் ஒரு கோட்டையும் தரையில் தட்டையாக விரித்து அளந்துகொள்ளுங்கள். அக்குளுக்கு அக்குள், இடுப்பு, தோள்பட்டைத் தையலில் இருந்து தையல் வரை, கை நீளம், முதுகில் கழுத்திலிருந்து இடுப்பு வரை. ஜீன்ஸ் என்றால் இடுப்பு, முன் கவட்டிலிருந்து இடுப்புப்பட்டி வரை, தொடை, உள்கால் நீளம். இதை இரண்டு சீட்டில் எழுதி, அக்கா சீட்டு தங்கையிடம், தங்கை சீட்டு அக்காவிடம். சந்தையில் இரண்டு பேரும் இரண்டு பக்கம் போகும்போது, எதிர்ப்பட்ட கோட்டை மற்றவருக்காக அளந்து பார்க்க இதுதான் வழி. போனில் படம் அனுப்பி "இது சரியா இருக்குமா?" என்று கேட்பதால் ஒரு பயனும் இல்லை.

உடம்பு அளவைவிடத் துணி எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும்? நீட்சி இல்லாத பருத்தி ஃப்ராக்குக்கு மார்புச் சுற்றில் 5 செ.மீ., இடுப்பில் 2–3 செ.மீ. உள்ளே ஸ்வெட்டர் போடவேண்டிய கோட்டுக்கு மார்பில் 10–12 செ.மீ. இதற்குக் கீழே இருந்தால் "மூச்சை இழுத்துப் பிடிச்சா பூட்டுது" கதைதான். ஸ்டாலில் உடை மாற்ற அறை இருக்காது. ஒட்டிய பனியன், லெக்கிங்ஸ் போட்டுப் போனால் மேலேயே போட்டுப் பார்க்கலாம்.

#4 மாம்பழமஞ்சள்
லேபிளில் 14 சைஸ்னு இருந்தா? நான் இப்போ 14 தான்.

#5 ஊசிமுனை
அந்த எண்ணை மறந்துவிடுங்கள். 1960களின் 14 இன்றைய 10-க்குப் பக்கம் வரும். கம்பெனிக்குக் கம்பெனி வேறு. டேப்பை மட்டும் நம்புங்கள்.

பழைய துணியில் ஒரு வசதி உண்டு. வீட்டிலோ நல்ல தையல்காரரோ தைத்தது என்றால் பக்கத் தையலுக்குள் 2–3 செ.மீ. துணி மடிப்பாக விட்டிருப்பார்கள். இரண்டு பக்கத் தையல், ஒவ்வொன்றிலும் இரண்டு மடிப்பு. ஒவ்வொரு மடிப்பிலும் 1 செ.மீ. விட்டால் சுற்றளவில் 4 செ.மீ. கூடும். ஆனால் பிரிப்பதற்கு முன் உள்பக்கம் புரட்டிப் பாருங்கள். மடிப்புக்குள் இருக்கும் நிறம் வெளியே இருப்பதைவிட அடர்த்தியாக இருந்தால், பிரித்ததும் பக்கவாட்டில் கோடு கோடாகத் தெரியும். பழைய ஊசித் துளைகளும் பருத்தியில் ஓரளவு மூடும், பட்டிலும் டாஃபெட்டாவிலும் மூடாது. தோள்பட்டை மட்டும் சரியாக இருக்கவேண்டும், அதைத் திருத்துவது புதிதாகத் தைப்பதற்குச் சமம்.

#6 லேபிள்பித்து
காலத்தைக் கண்டுபிடிக்கும் விஷயத்துக்கு வருவோம், எனக்குப் பிடித்த பகுதி.

லண்டனில் அடிக்கடி கையில் படுவது "செயின்ட் மைக்கேல்" லேபிள். மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் 1928-இல் தொடங்கி 2000 வரை போட்ட பெயர். ஆகவே அந்தப் பெயர் இருந்தாலே 50கள் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள், 1990களின் அலுவலக ஸ்கர்ட்டிலும் அதுதான் இருக்கும். இரண்டு வெட்டிய பாலாடைக்கட்டி போன்ற உருவமும் பக்கத்தில் 41-உம் இருந்தால் அது போர்க்கால யுடிலிட்டி (அரசின் சிக்கன உடுப்புத் திட்டம்) முத்திரை, 1941 முதல் 1952 வரை. துணிக்கு ரேஷன் 1941 ஜூன் 1-இல் தொடங்கி 1949 மார்ச் 15 வரை இருந்தது. மடிப்பு, பை, பொத்தான் எத்தனை வைக்கலாம் என்பதற்கே அரசு கணக்கு வைத்திருந்த காலம். அதனால் அந்த ஃப்ராக்குகள் சிக்கனமாக வெட்டியிருக்கும். முத்திரை இருந்தால் விலை ஏறும், உங்கள் 80 பவுண்டில் ஆசைப்படாதீர்கள்.

கம்பளித் துணிக்கான, நூற்கண்டு போன்ற உல்மார்க் சின்னம் 1964-க்குப் பிறகுதான். "மேற்கு ஜெர்மனி" என்று இருந்தால் 1990-க்கு முன். அமெரிக்கத் துணியில் துவைக்கும் முறை நிரந்தரமாகத் தைக்கப்பட்டிருந்தால் 1972-க்குப் பின், அந்த ஆண்டு ஜூலையில்தான் அது கட்டாயமானது. அமெரிக்கப் பெண்கள் ஆடைத் தொழிற்சங்கத்தின் லேபிள் சிவப்பு, வெள்ளை, நீலமாக இருந்தால் 1974-க்குப் பின். "சிலோன்" என்று லேபிளில் பார்த்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், 1972-இல் பெயர் மாறிவிட்டது. இலங்கையின் ஆடை ஏற்றுமதி பெரிதானதே 1977-க்குப் பிறகு என்பதால் "ஸ்ரீலங்கா" ஏராளம், "சிலோன்" அபூர்வம்.

ஜிப்: இடது பக்கத் தையலில் உலோக ஜிப் என்றால் 40கள், 50கள். முதுகு நடுவில் உலோகம் என்றால் 50களின் பிற்பகுதி, 60கள். நைலான் சுருள் ஜிப் என்றால் 60களின் நடுவிலிருந்து.

#7 கஞ்சிமடிப்பு
லேபிள்பித்து, ஜிப்பை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லாதீங்க. உடையில் முதலில் கெடுவதே ஜிப்தான், 60களில் யாராவது மாத்தியிருப்பாங்க. ஜிப் தைச்ச நூலும் பக்கத்துத் தையல் நூலும் ஒரே நிறம், ஒரே தடிமன், ஒரே தையல் நீளமா பாருங்க. வேற வேறன்னா ஜிப் பிற்பாடு வந்தது. லேபிளுக்கும் இதே சோதனை. பழைய லேபிளை வெட்டிப் புது உடையில் தைக்கிறவங்களும் உண்டு.

அக்காவின் ஃப்ராக்குக்கு இன்னொண்ணு. இடுப்புத் தையலில் ரெண்டு பக்கமும் சின்ன நூல் வளையம் தொங்கினா, அந்த ஃப்ராக்குக்குச் சொந்தத் துணி பெல்ட் இருந்தது, இப்போ இல்லை. விலை கேட்கும்போது முதலில் இதைச் சொல்லுங்க. ஹாரக்சஸ் கம்பெனி மாதிரி 1946-க்குப் பின் வந்த நல்ல பருத்தி ஃப்ராக்கில் பெல்ட் இருக்கா இல்லையான்னு விலையே மாறும். அடுத்து, கீழ் விளிம்பை மடிச்சுப் பாருங்க. நீளம் கூட்டியிருந்தா பழைய மடிப்புக் கோடு வெளுத்துத் தெரியும். அது போகாது.

#8 மாம்பழமஞ்சள்
அக்குள் கறை? சில ஃப்ராக்கில் மஞ்சளா இருக்கு, துவைச்சா போயிடுமா?

#9 கஞ்சிமடிப்பு
கறையைப் பார்க்காதீங்க, துணியின் வலுவைப் பாருங்க. ரெண்டு கட்டைவிரலை அக்குள் பகுதியில் வைச்சு மெதுவா விரிச்சுப் பாருங்க. நூல் நகர்ந்து இடைவெளி விட்டாலோ, காய்ஞ்ச வாழைச்சருகு மாதிரி நொறுநொறுன்னு இருந்தாலோ வியர்வை நூலைத் தின்னாச்சு. எந்தச் சோப்பும் உதவாது. துணி உறுதியா இருந்து மஞ்சள் மட்டும்தான்னா, வெள்ளைப் பருத்திக்கு சோடியம் பெர்கார்பனேட் போதும். 4 லிட்டர் 40 டிகிரி தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி, 4 முதல் 6 மணி நேரம் ஊறணும். உலோக ஜிப்போ கொக்கியோ இருந்தா இவ்வளவு நேரம் ஊறவிடாதீங்க. பட்டுக்கும் கம்பளிக்கும் இதைத் தொடவே கூடாது, காரம் நாரை அரிச்சிடும்.

1920, 30கள் பட்டுன்னா இன்னும் கவனம். எடை கூட்ட வெள்ளீய உப்பில் முக்குவாங்க. அது இப்போ மடிப்பு மடிப்பா கிழிஞ்சு விழும். ஹேங்கரில் அழகாத் தொங்கும், போட்டா ஒரு சாயங்காலம்தான்.

#10 தறிக்காரன்பேரன்
ஜீன்ஸ் பற்றி யாரும் பேசவில்லை. லீவைஸ் என்றால் பின்பையில் தைத்த சின்னச் சிவப்புத் துண்டில் பெயரின் இரண்டாவது எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தாக இருந்தால் 1971-க்கு முந்தையது. சிறிய எழுத்து என்றால் பின்னது. கால் அடியைப் புரட்டிப் பாருங்கள். வெளிப்பக்கத் தையலில் துணியின் சொந்தக் கரை வெள்ளையாக, சிவப்பு நூலோடு தெரிந்தால் அது நாடா (ஊடை நூலைக் கொண்டு ஓடும் ஷட்டில்) ஓடிய குறுகிய தறியில் நெய்த துணி. வேட்டிக் கரை பிரியாமல் நிற்பது போலத்தான் இதுவும்: நாடா திரும்பும் இடத்தில் ஊடை நூல் மடங்கித் தானே பூட்டிக்கொள்ளும். லீவைஸின் 501 மாடலில் இது 1980களின் நடுவோடு நின்றது. ஆனால் இப்போது மறுபதிப்பாக மீண்டும் வருகிறது, ஆகவே கரை மட்டும் சாட்சி இல்லை.

வாங்கும் முன் கவட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தால் அடுத்த மூன்று மாதத்தில் கிழியும். ரஃபூ (நூலால் இழையோட்டி அடைப்பது) செய்யலாம், ஆனால் ஜீன்ஸ் விலையோடு அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். தோல் லேபிளில் இருக்கும் இடுப்பு அளவை நம்பவேண்டாம், சுருங்கும் டெனிம் 2 முதல் 5 செ.மீ. உள்ளே போயிருக்கும்.

#11 அந்துப்பூச்சி
(பெயரைப் பார்த்துப் பயப்படாதீங்க.) கோட்டு பகுதி எனக்கு.

கழுத்துப்பட்டையைத் தூக்கி அடியில், பையின் உள்மடிப்பில், அக்குளில், கீழ் விளிம்பின் மடிப்பில் பாருங்க. துணியை அரிப்பது பறக்கும் பூச்சி இல்லை, அதன் புழு. இருட்டும் அசையாமையும் அதுக்குப் பிடிக்கும், அதனால் மடிப்புதான் வீடு. அடையாளம் மூணு: ஒழுங்கில்லாத சின்ன ஓட்டை, மேல்மயிர் மேய்ஞ்ச மாதிரி வழுக்கைக் கோடு, துணியின் நிறத்திலேயே மணல் போன்ற எச்சம். மூணாவதைக் கண்டா பக்கத்தில் தொங்கும் கோட்டையும் வாங்காதீங்க. ட்வீடில் (சொரசொரப்பான கனத்த கம்பளித்துணி) 2–3 மி.மீ. ஓட்டை ஒண்ணு ரெண்டுன்னா, உள்மடிப்பிலிருந்து நூல் உருவி அடைச்சா தெரியாது. கொத்தா இருந்தா விட்டுடுங்க.

ஹாரிஸ் ட்வீட்னா உருண்டையும் சிலுவையும் கொண்ட முத்திரை லேபிள் இருக்கும். அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவுவாசிகள் தங்கள் வீட்டில் கையால் நெய்ததா இருக்கணும்னு 1993-இல் தனிச் சட்டமே இருக்கு. நல்ல துணி, ஆனா கனம், தோளில் போட்டுப் பத்து நிமிஷம் நடந்து பாருங்க.

80கள் கோட்டுன்னா தோளை அழுத்திப் பாருங்க. உள்ளே வைச்ச ஸ்பாஞ்ச் பொடியாகி மஞ்சளா உதிரும். திண்டு மாத்துவது சுலபம், பொடி லைனிங்கில் இறங்கியிருந்தா வேலை அதிகம். பூச்சுப் பூசின மழைக்கோட்டு கையில் பிசுபிசுத்தா அது பூச்சு சிதையுது, துடைச்சாலும் நிக்காது.

#12 கிலோகணக்கு
80 பவுண்டுக்கு எடை போட்டு விற்கும் கிலோ சேல் போகலாமே? ஏன் யாரும் சொல்லவில்லை? கணக்குக்கு கிலோ 20 பவுண்டு என்று வைப்போம். பட்டு ஸ்கார்ஃப் 50 கிராம், 1 பவுண்டு. பருத்தி ஃப்ராக் 400 கிராம், 8 பவுண்டு. ஜீன்ஸ் 700 கிராம், 14 பவுண்டு. ஸ்டாலில் இந்த விலைக்குக் கிடைக்குமா?

#13 அந்துப்பூச்சி
அதே கணக்கில் 2 கிலோ ஓவர்கோட்டு 40 பவுண்டு. அவங்க தேடுறது கோட்டு. தவிர, 50கள் ஃப்ராக் அங்கே வந்து சேராது, பிரிக்கும் இடத்திலேயே எடுத்துடுவாங்க. மிஞ்சுவது பெரும்பாலும் 80, 90கள்.

#14 கிலோகணக்கு
பெரும்பாலும் சரி. மெல்லியது மட்டும் தேடுபவர்களுக்குத்தான் லாபம் என்று திருத்திக்கொள்கிறேன். போனால் நடுநடுவே சோதனைத் தராசில் வைத்துப் பாருங்கள். கூடை நிரம்பியபின் நிறுத்தால் அதிர்ச்சி.

#15 வல்வைத்தையல்
பிங்க்கோடு சொன்ன ஈஸ்ட் ஹாம் யோசனை நல்லது, ஆனால் அண்டைக்கே தையல்காரரிட்ட குடுக்காதேங்கோ. முதல் தோய்ச்சுப்போட்டுக் குடுக்கவேணும். பருத்தியும் ரேயோனும் தோய்ச்சாப் பிறகு சுருங்கினால், திருத்தின வேலை எல்லாம் வீண். மணக்கிற உடுப்பை ஆரும் விரும்பித் தொடவும் மாட்டினம். அண்டைக்கு தோசை மட்டும் சாப்பிட்டுட்டு வாங்கோ.

பிளவுஸ் தைக்கிற ஆக்களுக்குக் கைவந்த வேலை எதெண்டால்: பக்கம் பிடிக்கிறது, பிரிச்சு விடுறது, டார்ட் (உடம்புக்கு ஏற்றமாதிரிப் பிடிக்கிற மடிப்பு) மாத்துறது, கொக்கி, ஜிப். ஃப்ராக் மேற்சட்டை எங்கட சாறி பிளவுஸ் மாதிரித்தானே. கோட்டுத் தோள், தோல் ஜாக்கெட் அவையிட்ட குடுக்கவேண்டாம், அதுக்கு வேற ஆக்கள்.

இதில தான் கூடப்பிறந்தவள் வேணும். ஃப்ராக்கை உள்பக்கம் வெளியால வாறமாதிரிப் போட்டுக்கொண்டு நேரா நில்லுங்கோ, அக்கா ரெண்டு பக்கமும் ஒரே அளவாப் பிடிச்சு ஊசி குத்தட்டும். தனிய நிண்டு குத்தினால் உடம்பு திரும்பும், ஒரு பக்கம் கூடிப்போகும். ஊசி குத்தினபடியே தையல்காரரிட்ட கொண்டுபோங்கோ, "கொஞ்சம் பிடியுங்கோ" எண்டு வாயால சொன்னால் அவையின்ர கொஞ்சம் வேற, உங்கட கொஞ்சம் வேற.

#16 மாம்பழமஞ்சள்
அருமை, நன்றி வல்வை அக்கா. பேரம் பேசலாமா? ரெண்டு பேருக்கும் ஒரே துணி பிடிச்சுட்டா என்ன செய்ய? (இது நிச்சயம் நடக்கும்.)

#17 பிங்க்கோடு
அறக்கட்டளைக் கடைகளில் (சாரிட்டி ஷாப்) பேரம் வேண்டாம். ஸ்டாலில் பேசலாம். ரெண்டு பேர் எடுத்ததையும் சேர்த்து ஒரே கையில் கொடுத்து "மொத்தமா என்ன விலை?" என்பதுதான் நல்ல கேள்வி. 10 பவுண்டு நோட்டுகளா வைச்சிருங்க. தமிழில் பேசி விலையை முடிவு பண்ணலாம்னு நினைச்சா, முகம் எல்லா மொழியும் பேசும். ஒருத்தி ஆசையா கண்ணாடி பார்க்கும்போது மத்தவள் "பெல்ட் காணோம், அக்குள் போச்சு" என்று குறை பார்க்கட்டும். குறை பார்த்தவளே விலையும் பேசணும்.

வணிகரிடம் வாங்கினால் மறைவான குறைக்கு 30 நாளுக்குள் திருப்பும் உரிமை 2015 நுகர்வோர் உரிமைச் சட்டத்தில் உண்டு, பழைய துணிக்கும்தான். ஆனா அவர் முன்னமே சொன்ன குறைக்கும், நீங்க பார்த்தபோதே தெரிஞ்சிருக்க வேண்டிய குறைக்கும் கிடையாது. மனசு மாறினதுக்கும் கிடையாது.

#18 ஊசிமுனை
ஒரே துணிக்கு இரண்டு பேர் என்றால் தோள்பட்டை யாருக்குப் பொருந்துகிறதோ அவருக்கு. மற்ற எல்லாவற்றையும் திருத்தலாம். இரண்டு பேருக்கும் பொருந்தினால் பெரியவளுக்குக் கொடுத்துவிட்டு ஆறு மாதத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அக்காக்கள் அலமாரி அப்படித்தான் இயங்குகிறது.

#19 அந்துப்பூச்சி
வீட்டுக்கு வந்ததும்: கம்பளி, பட்டு எதுவானாலும் நேரே அலமாரிக்குள் போகக்கூடாது. பாலிதீன் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேத்தி, இன்னொரு பையில் போட்டுக் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீஸரில் ரெண்டு வாரம். எடுத்ததும் பையைப் பிரிக்காதீங்க. ஒரு நாள் அறைச் சூட்டுக்கு வரட்டும், இல்லைன்னா துணி மேலேயே நீர் கோத்துக்கும். கண்ணாடி மணி, ஒட்டு வைச்ச அலங்காரம் இருக்கும் உடையை ஃப்ரீஸரில் வைக்காதீங்க.

#20 கஞ்சிமடிப்பு
ரேயான் நனைந்தா பாதி வலுவை இழக்கும். பிழியாதீங்க, தொங்கவிடாதீங்க, துண்டில் சுருட்டித் தண்ணீரை எடுத்து தட்டையாக் காயவையுங்க. க்ரேப் ரேயான் ஒரு முறை நனைஞ்சா குழந்தைச் சட்டை ஆயிடும், அது உலர்சலவைக்குத்தான். நாட்பட்ட வாசத்துக்கு முதலில் ரெண்டு நாள் நிழல் காற்று. போகலைன்னா வோட்காவும் தண்ணீரும் சமமாக் கலந்து, உள்மடிப்பில் சாயம் போகுதான்னு சோதிச்சு, உள்பக்கமா லேசாத் தெளியுங்க.

#21 தறிக்காரன்பேரன்
கடைசியாக ஒன்று. அமெரிக்காவிலிருந்து வந்த 60கள் மூட்டையில் "மெட்ராஸ்" என்று லேபிள் போட்ட கட்டம் சட்டையோ ஜாக்கெட்டோ கண்ணில் பட்டால் எடுத்துப் பாருங்கள். நம்ம ஊர்ப் பெயரில் போன கைத்தறிப் பருத்தி, தாவரச் சாயம். 1958-இல் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர், பிற்பாடு லீலா ஓட்டல்கள் தொடங்கிய கேப்டன் கிருஷ்ணன் நாயரிடம் வாங்கி அனுப்பினார். சாயம் போகும், தனியாகத் துவைக்கவேண்டும் என்ற செய்தி வாடிக்கையாளருக்குப் போய்ச் சேரவில்லை. துவைத்தவர்கள் வெகுண்டார்கள். பிறகு அதையே "சாயம் போகும், உத்தரவாதம்" என்று விளம்பரமாக்கி விற்றார்கள்.

முன்னும் பின்னும் ஒரே நிறம், கட்டங்களின் ஓரம் ஒன்றோடொன்று கரைந்த மாதிரி மங்கல், நூலில் அங்கங்கே முடிச்சு என்றால் அதுவாக இருக்கலாம். பின்பக்கம் வெளுத்திருந்தால் அச்சடித்தது, வைத்துவிடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் தனியாக, ஐந்து நிமிடத்துக்குள் அலசி எடுக்கவேண்டும். உப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்பதை இதில் நம்பவேண்டாம். அக்காவின் வெள்ளை ஃப்ராக்கோடு ஒரே வாளியில் போட்டால் அதற்கும் கட்டம் வந்துவிடும்.

#22 மாம்பழமஞ்சள்
சீட்டு ரெண்டும் எழுதியாச்சு. அக்கா தோள் 37, என் தோள் 39. சண்டைக்கு இடமே இல்லை. டேப், டார்ச், குண்டூசி, 10 பவுண்டு நோட்டு, காலிப் பை ரெண்டு எடுத்து வைச்சிருக்கோம். ஃப்ரீஸரில் இடம் இல்லை, மீன்தான் இருக்கு. அம்மாகிட்ட பேசணும்.